ஓஹிப் (ஒன்டாரியோ மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு) கார்டு: கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், இனி என்ன செய்வது?

கரண்டி:
வணக்கம். கனடாவில், டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறேன். எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி வாங்கும் மத்திய அரசு ஒப்புதல்) வழியாகக் கிடைத்த இரண்டு வருட வொர்க் பெர்மிட். முதலாளி பெயர் அதிலேயே இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து வந்து ஏழு வாரம் ஆகிறது.

வந்த வாரமே மேனேஜரிடம் ஹெல்த் கார்டு பற்றிக் கேட்டேன். "மூணு மாசம் ஆகணும், அதுக்கு முன்னாடி போனா அலைச்சல்தான்" என்றார். அதுவரைக்கும் தனியார் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறோம் என்று சொல்லி மாதம் 60 டாலர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். பாலிசி நம்பர் கேட்டால் "அப்புறம் தர்றேன்".

போன செவ்வாய்க்கிழமை வடை எடுக்கும்போது எண்ணெய் தெறித்து இடது முன்கை வெந்துவிட்டது. மணிக்கட்டு முதல் பாதிக் கை வரை கொப்புளம். வாக்-இன் கிளினிக்கில் கார்டு இல்லை என்றதும் 110 டாலர் வாங்கினார்கள். களிம்பும் கட்டுத்துணியும் தனி. கிளம்பும்போதே மேனேஜர், "வீட்ல சமைக்கும்போது பட்டுச்சுன்னு சொல்லிடு, நமக்கு எதுக்கு பேப்பர் வேலை" என்றார். அப்படியே சொல்லிவிட்டேன்.

நேற்று லீவு. நானே கார்டு வாங்கப் போனேன். பாஸ்போர்ட், பெர்மிட், பேங்க் ஸ்டேட்மெண்ட், அப்புறம் பேங்கில் கணக்குத் திறக்க முன்பு வாங்கிய முதலாளி கடிதம். கவுண்டரில் இருந்த அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இது போதாது" என்று திருப்பித் தந்தார். எனக்கு ஆங்கிலம் அரைகுறை, மேற்கொண்டு கேட்கத் தெரியவில்லை. மூன்று மாதம் ஆகாததாலா, கடிதம் சரியில்லாததாலா? அதில் இருப்பது ஒரே வரிதான்: இவர் எங்களிடம் சமையல்காரராக வேலை செய்கிறார்.

பனங்காய்:
தம்பி, கடிதம்தான் பிழை. மூன்று மாதக் காத்திருப்பை ஒன்டாரியோ 2020 மார்ச்சிலேயே எடுத்துவிட்டது. அதற்கு முன் வந்த ஆட்கள் எல்லோரும் அதில் மாட்டுப்பட்டவர்கள், நானும்தான். அதனால் அந்தக் கதை இன்னும் ஊருக்குள் சுற்றுகிறது. கியூபெக்கிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் காத்திருப்பு இப்போதும் உண்டு, அங்கிருக்கும் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டும் குழம்புவார்கள்.

உங்களைப் போல வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு ஓஹிப் கேட்பது இதைத்தான்: ஒன்டாரியோவில் இருக்கும் முதலாளியிடம் முழுநேர வேலை, அது குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து இருக்க வேண்டும். ஆறு மாதம் வேலை செய்து முடித்திருக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை, இதைத்தான் நிறையப் பேர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். வேலை அவ்வளவு காலம் இருக்கும் என்று முதலாளி எழுதித் தந்தால் சரி.

ஆகவே கடையின் லெட்டர்ஹெட்டில், உங்கள் முழுப்பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, வேலையின் பெயர், முழுநேரம் என்ற சொல், எப்போது தொடங்கினீர்கள், குறைந்தது ஆறு மாதம் தொடரும் என்ற வரி, கையெழுத்து. 'முழுநேரம்', 'ஆறு மாதம்' இரண்டும் எழுத்தில் இல்லாவிட்டால் அந்த அம்மாவால் ஒன்றும் செய்ய முடியாது. அவரில் குற்றம் இல்லை. போகும்போது எல்லாம் ஒரிஜினலாகக் கொண்டுபோங்கள், போட்டோகாப்பி எடுபடாது. ஸ்டேட்மெண்டில் இப்போது இருக்கும் வீட்டு முகவரி இருக்கிறதா என்றும் வடிவாகப் பாருங்கள்.

பேரேடு:
நான் ஒரு கணக்கு அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுகிறவன். அந்த 60 டாலரைப் பார்த்ததும் கை பரபரத்தது.

எல்.எம்.ஐ.ஏ. வழியாக ஆள் எடுக்கும் முதலாளிக்கு 2022 செப்டம்பர் 26 முதல் ஒரு மத்திய அரசு விதி இருக்கிறது. மாகாண இன்சூரன்ஸ் கிடைக்கும் வரை, அவசர மருத்துவத்துக்கான தனியார் இன்சூரன்ஸை முதலாளிதான் எடுக்க வேண்டும், பணமும் அவர்தான் கட்ட வேண்டும். தொழிலாளியிடம் அதைப் பிடிக்கக் கூடாது. பாலிசி நம்பரே இல்லை என்றால் பாலிசியே இல்லாமலும் இருக்கலாம். பே ஸ்டப் எல்லாவற்றையும் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். ஓட்டலில் இருக்கும் லாக்கரில் வைக்காதீர்கள்.

நிலா_நர்ஸ்:
எல்லாரும் கார்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எண்ணெய் தெறித்தது வேலை நேரத்தில், வேலை இடத்தில். இது ஓஹிப் பில்லே இல்லை, டபிள்யூ.எஸ்.ஐ.பி. பார்க்க வேண்டியது. கார்டு இருந்திருந்தாலும் இதே பதில்தான்.

அது வேலையில் அடிபட்டவர்களுக்கான மாகாணக் காப்பீடு. ஓட்டல்களுக்குக் கட்டாயம். பிரீமியம் முழுக்க முதலாளி கட்டுவது. நீங்கள் பெர்மிட்டில் இருக்கிறீர்களா, குடியுரிமை உள்ளவரா என்று பார்க்க மாட்டார்கள். முதலுதவிக்கு மேல் சிகிச்சை தேவைப்பட்டது தெரிந்தால் மூன்று வேலை நாளுக்குள் முதலாளி அதை அறிவிக்க வேண்டும். 'பேப்பர் வேலை வேண்டாம்' என்றது இதற்குத்தான். தொழிலாளியைப் புகார் செய்யவிடாமல் தடுப்பதும் சட்டப்படி குற்றம்.

முதலாளி செய்யாவிட்டால் நீங்களே படிவம் 6 போடலாம், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். முதலில் அதே கிளினிக்குக்குப் போய், "வேலையில் பட்டது, பயந்து மாற்றிச் சொல்லிவிட்டேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். கட்டு மாற்ற எப்படியும் போகத்தான் வேண்டும். டாக்டர் திருத்தி எழுதிக்கொள்வார், அவர் அனுப்ப வேண்டியது படிவம் 8. கையைத் தினமும் ஒரு போட்டோ எடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

கரண்டி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. ஆனால் பெர்மிட்டில் இந்த முதலாளி பெயர்தான் இருக்கிறது. கோபப்பட்டு வேலையை விட்டு நிறுத்தினால் நான் எங்கே போவேன்? ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனே இன்னும் தீரவில்லை.

பனங்காய்:
பயம் நியாயம்தான். அதனால் எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம். முதலில் கடிதத்தை வாங்குங்கள். சண்டை வேண்டாம், "கார்டு வந்தால் உங்களுக்கும் இன்சூரன்ஸ் செலவு இல்லை" என்று கதையுங்கள். அது உண்மையும்கூட. கடிதம் கைக்கு வந்த பிறகு மற்றவை.

வேலையிடத்தில் கொடுமை நடந்தால், 2019 முதல் அப்படிப்பட்டவர்களுக்கென்றே முதலாளி பெயர் இல்லாத ஓபன் பெர்மிட் தருகிறார்கள். அதற்கு நீங்கள் தகுதியா என்பதை இங்கே யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. டொரோண்டோவில் தெற்காசியர்களுக்கான இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். காசு வாங்கும் 'கன்சல்டன்ட்' பக்கம் போகாதீர்கள்.

டெலிவரி_பையன்:
இடையில் ஒரு கேள்வி. படிப்பு முடித்து ஓபன் வொர்க் பெர்மிட். பகலில் சாப்பாடு டெலிவரி, வாரக் கடைசியில் ஒரு கடையில் 16 மணி நேரம். எனக்குக் கார்டு கிடைக்குமா?

பேரேடு:
இப்போது இருக்கும் நிலையில் கஷ்டம். டெலிவரியில் உங்களுக்கு 'முழுநேரம், ஆறு மாதம்' என்று எழுதித்தர முதலாளியே கிடையாது. 16 மணி நேரமும் முழுநேரம் ஆகாது. முழுநேர வேலை கிடைத்ததும் கடிதத்தோடு போங்கள். அதுவரை ஒரு தனியார் பாலிசி எடுத்து வையுங்கள். கார்டு இல்லாதவர்களுக்கு ஆம்புலன்ஸ் மட்டுமே 240 டாலர், இருப்பவருக்கு 45.

நிலா_நர்ஸ்:
சமுதாய சுகாதார மையங்களில் கார்டு இல்லாதவர்களையும் பார்ப்பார்கள், பல இடத்தில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. ஆனால் 2020இல் கார்டு இல்லாதவர்களின் ஆஸ்பத்திரிச் செலவை மாகாணம் ஏற்றுக்கொண்டதே, அந்த ஏற்பாடு 2023 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அதை நம்பி யாரும் போய் நிற்காதீர்கள்.

கரண்டி:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கடிதம் கிடைத்துவிட்டது. பனங்காய் அண்ணன் சொன்ன வரிகளை ரூம் தம்பி ஆங்கிலத்தில் எழுதித் தந்தான். மதியக் கூட்டம் முடிந்து மேனேஜர் டீ குடிக்கும் நேரம் பார்த்து நீட்டினேன். "ஆறு மாசம்னு எதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திரும்பவும் அதே கவுண்டர், அதே அம்மா. இந்த முறை போட்டோ எடுத்தார்கள், கார்டு தபாலில் வரும் என்றார்.

கிளினிக்கில் உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை, எந்தச் சட்டி, எந்த நேரம் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். படிவம் 6ஐயும் அனுப்பிவிட்டேன், அந்த 110 டாலர் ரசீதையும் சேர்த்து. இன்னும் பதில் இல்லை. இந்த மாதப் பே ஸ்டப்பிலும் 60 டாலர் பிடித்திருக்கிறார்கள். அதையும் போட்டோ எடுத்துவிட்டேன். புதன்கிழமை சட்ட உதவி மையத்தில் நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

வடைச் சட்டிக்கு இப்போது வேறு ஆள். என்னைத் தோசைக்கல் பக்கம் மாற்றிவிட்டார்கள்.