உதிரிப்பூக்கள் திரும்பப் பாத்தனிங்களோ

சின்னக்கா: எல்லாரும் நித்திரையோ? உதிரிப்பூக்களைப் பற்றி ஒருத்தர் உருகி உருகி எழுதின கட்டுரை ஒண்டு மத்தியானம் வாசிச்சன், வாசிச்ச கையோட படத்தையும் போட்டு முழுக்கப் பாத்திட்டன், இன்னும் நெஞ்சு கனக்குது

பெரியம்மா: மகேந்திரன்ர படமெல்லோ. கரண்ட் இல்லாத காலத்தில ஜெனரேட்டர் போட்டு டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பாத்தது. அந்தக் கெட்ட புருசனா நடிச்ச விஜயன் வாற நேரமெல்லாம் எனக்குப் பத்திக்கொண்டு வரும்

கொழும்பு அண்ணை: 1979இல வந்த படம். புதுமைப்பித்தன்ர சிற்றன்னை எண்ட கதைதான் மூலம், ஆனா மகேந்திரன் அதைவிட்டு எவ்வளவோ தூரம் போயிட்டார், அப்பிடியிருந்தும் அவர்ர பேரைப் போட்டவர் பாருங்கோ, அது பெரிய குணம்

கொழும்பு அண்ணை: அசோக்குமார்ர கமராவும் சொல்லிவேலையில்லை. அழகிய கண்ணே பாட்டில அஸ்வினி பிள்ளையளைப் பாத்துச் சிரிக்கிற சிரிப்பு ஒண்டே காணும்

குட்டி: அக்கா, கடைசியில ஊர்ச்சனம் எல்லாம் சேந்து அந்த விஜயனை ஆத்துக்க இறக்கிச் சாகவிடுறது சரியோ? எனக்குப் பயமாக் கிடந்தது

பெரியம்மா: என்ன பயம்? பெண்சாதின்ர தங்கச்சியை அப்பிடி மானங்கெடுத்தினவனை வேற என்ன செய்யிறது, ஊர் பொறுத்துப் பொறுத்துப் பாத்துத்தானே வந்தது

சின்னக்கா: விளங்குது பெரியம்மா, ஆனா போகேக்க அவன் என்ன சொல்லுறான் எண்டு கேட்டனிங்களே? நல்ல சனமா இருந்த உங்களையும் என்னைப்போல ஆக்கிப்போட்டன், நான் செய்ததுகளில பெரிய பிழை இதுதான் எண்ட மாதிரி. கட்டுரை எழுதினவர் அதை மனந்திரும்பினது எண்டு எழுதியிருக்கிறார், அதில மட்டும் எனக்கு உடன்பாடில்லை. போற நேரத்திலயும் அந்தச் சனத்தின்ர நெஞ்சில ஒரு முள்ளைக் குத்திப்போட்டுத்தான் போறான், கை ஓங்காமல் மெல்லமாக் கதைச்சே ஆக்களை நோகடிக்கிறதுதானே அவன்ர குணம்

கொழும்பு அண்ணை: நீ சொல்லுறதும் பொருந்துது. ஆனா பிள்ளையளிட்டக் கதைக்கேக்க அவன்ர முகத்தைப் பார், அந்த இடத்தில கள்ளம் இல்லை. திருந்தாதவனுக்கும் பிள்ளையில பாசம் இருக்கும் எண்டு காட்டினதாலதான் இந்தப் படம் இவ்வளவு காலம் நிக்குது

பெரியம்மா: அவன் திருந்தினால் என்ன திருந்தாட்டி என்ன. தாயும் இல்லை தேப்பனும் இல்லை, அந்த ரெண்டு குஞ்சுகளும் ஆத்தங்கரையால தனிய நடந்து போகுதுகள், இனி ஆரோட இருக்குங்கள்? எனக்கு அதுதான் கவலை

சின்னக்கா: 😢 ஓம்

குட்டி: லிங்கை ஒருக்கா அனுப்புங்கோ அக்கா, அம்மாவும் பாக்கவேணுமாம்

சின்னக்கா: உந்தச் சின்னப் ஃபோனில பாக்காதை. ஞாயிறு பின்னேரம் கொக்குவிலுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, டிவியில போடுறன்

பெரியம்மா: நானும் வாறன், ஆரும் ஓட்டோ பிடிச்சு விடுங்கோ. ஜானகின்ர பாட்டு வரேக்க ஒருத்தரும் கதைக்கக்கூடாது