புதுப்பிப்பு: சாலைக் கடைத்தெருவுக்குப் போய் வந்தேன்

போன வாரம் புலம்பியிருந்தேனே, எழுத்தாளர்கள் தோப்பில் முகமது மீரான் 2019 மே மாதமும் ஆ. மாதவன் 2021 ஜனவரியிலும் இறந்துபோனபின் அவர்கள் புத்தகங்களை எடுக்கவே கை வரவில்லை என்று. சனிக்கிழமை களியக்காவிளையில் பஸ் ஏறி, திருவனந்தபுரத்தில் 'சாலை' என்கிற கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். மாதவன் அங்கேயே கடை வைத்திருந்தவர். வியாபாரத்துக்கு நடுவே இத்தனை கதைகள் எப்படித்தான் எழுதினாரோ! மிளகாய் நெடி, வழி கேட்டுக் கத்தும் சுமட்டுக்காரர்கள், பாதித் தமிழ் பாதி மலையாளமாகப் பேரம். அவர் கதைக்குள் நடக்கிற மாதிரியே இருந்தது. திரும்பும் பஸ்ஸில் அவருடைய 'கிருஷ்ணப் பருந்து' நாவல் நாற்பது பக்கம் ஓடியது. சரி, மீரான்? அவருடைய ஊரான தேங்காய்ப்பட்டணம் எங்களுக்குப் பக்கம்தான். அவருடைய 'சாய்வு நாற்காலி' நாவலை மட்டும் இன்னும் தொடவில்லை.