காரைக்குடியில் விற்பனைக்கு நிற்கும் "1955 மெட்ராஸ் புல்லட்"

கழனிவாசல் ஸ்பேனர்:
நம்ம ஊர்ப் பழம்பொருள் கடை ஒண்ணுல ஒரு புல்லட் 350 விலைக்கு நிக்குது. படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது: "1955இல் முழுக்க முழுக்க மெட்ராஸில் செய்தது. ஆறு மாசம் நின்றாலும் ஒரே உதையில் எடுக்கும்." அதுக்குக் கீழே "பொக்கிஷம்", "பெருமை"ன்னு வரிசையாக் கைதட்டல் வேற. யாருக்காச்சும் வரலாறு தெரியுமாய்யா? புல்லட் செஞ்ச என்ஃபீல்டு இந்தியா கம்பெனி அமைஞ்சது 1955. திருவொற்றியூர் ஆலை திறந்தது 1956. அந்த வருஷ முடிவு வரைக்கும் வெளியே வந்தது மொத்தம் 163 வண்டி. அதுவும் இங்கிலாந்துல இருக்கிற ரெட்டிச் தாய் ஆலையிலேருந்து பெட்டியில வந்த உருப்படிகளை இங்க பூட்டினது. 1955 எங்கேருந்து குதிச்சுது?

பள்ளத்தூர் பெடல்:
அண்ணே, கம்பெனி 1955ன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப அது மெட்ராஸ் வண்டி இல்லாம மானாமதுரை வண்டியா? 1955 சரிதான்.

கழனிவாசல் ஸ்பேனர்:
கால்கோள் ஊன்றுன அன்னைக்கே புதுமனை புகுந்த கதையால்ல இருக்கு. வண்டி வந்த வருஷம் 1956. எழுதி வச்சுக்குங்க.

ஒற்றியூர் தாசன்:
ஸ்பேனர் அவர்களுக்கு. என்ஃபீல்டு வண்டிகளை இங்கே விற்றுவந்த மெட்ராஸ் மோட்டார்ஸுக்கு ராணுவ ஆர்டர் கிடைத்தது 1952. வண்டிகள் வந்திறங்கியது 1953. அந்த வரவேற்பால்தான் 1955இல் ரெட்டிச்சோடு கூட்டு நிறுவனமே அமைந்தது. ரெட்டிச்சின் ஐம்பதுகள் நடு வடிவமைப்பைத்தான் நாம் பல பத்தாண்டுகள் செய்துவந்தோம். எனவே "1955 மாடல்" என்று ஒருவர் எழுதினால் வடிவமைப்பைக் குறிக்கிறார் என்று கொள்ள வேண்டும். இதற்கு ஏன் இத்தனை கோபம்?

கழனிவாசல் ஸ்பேனர்:
"1955 மாடல்"ன்னு எழுதலை. "1955இல் செய்தது"ன்னு எழுதியிருக்கு. கண்ணாடி போட்டுட்டுப் படிங்க. "முழுக்க முழுக்க"ங்கிறது இன்னும் பெரிய புளுகு. உதிரி செய்யுற கருவிகள் என்ஃபீல்டு இந்தியாவுக்குக் கைமாறினது 1957. எல்லா உதிரியும் இங்கேயே ஆக 1962 ஆச்சு. அதே 1962ல ரெட்டிச் புல்லட்டை நிறுத்திட்டான். 1955ல இங்க ஒரு மரையாணிகூடக் கடையலை.

தேவகோட்டை ரோடுகிங்:
புல்லட்காரங்க 1955ஆ 1956ஆன்னு மண்டையை உடைச்சுக்குங்க. மைசூர் ஐடியல் ஜாவாவுல இந்தக் குழப்பமே கிடையாது. 1961ல வண்டி வந்துச்சு, 1973லேருந்து அதுக்கு எஸ்டின்னு பேர், 1978ல ரோடுகிங் மாடல், 1996ல ஆலை மூடியாச்சு. கணக்குச் சுத்தம்.

கழனிவாசல் ஸ்பேனர்:
மூடினதைப் பெருமையாச் சொல்ற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். 1929ல யானெச்செக்ங்கிறவர் ஜெர்மனி வாண்டரர் கம்பெனி வண்டியோட உரிமத்தை வாங்கி ஆரம்பிச்ச செக் நாட்டு வண்டி அது. இங்க பேச்சு 1955.

பள்ளத்தூர் பெடல்:
உரிமம் வாங்கினதை எல்லாம் கேவலமாப் பேசாதீங்கண்ணே. இங்கிலாந்து பி.எஸ்.ஏ. கம்பெனி பேரையே எங்க பள்ளத்தூர்க்காரங்க இந்தியாவுல ஓட்டிக் காட்டினாங்க.

கழனிவாசல் ஸ்பேனர்:
தம்பி, அது சைக்கிள். முருகப்பா குடும்பம் 1949ல அம்பத்தூர்ல இங்கிலாந்துக் கூட்டோட ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ். பி.எஸ்.ஏ. சைக்கிள் பிரிவை 1957லயே ராலே சைக்கிள் கம்பெனிகிட்ட வித்துட்டாங்க. மோட்டார் சைக்கிள் பி.எஸ்.ஏ. தனியா நடந்து 1973ல நொடிஞ்சு போச்சு. பேர் ஒண்ணா இருந்தா வண்டியும் ஒண்ணா? உன் புனைபெயருக்கு ஏத்த மாதிரியே பேசுற.

பள்ளத்தூர் பெடல்:
ஆள் பேரைக் கிண்டல் பண்ணினா 1955 1956 ஆயிடாது. படத்தைப் பாருங்க. டேங்க் குரோம் கண்ணாடி மாதிரி மின்னுது. பழைய வேலைன்னு அதுலயே தெரியலையா?

கழனிவாசல் ஸ்பேனர்:
சிக்ரி இருக்கிற ஊர்ல பொறந்துட்டு முலாம் பத்தி இப்படிப் பேசலாமா? 1948ல அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் குடுத்து வந்த மின்வேதியியல் ஆய்வகம்யா அது. குரோம் படலம் அரை மைக்ரான்கூட வராது, அதுலயும் நுண்விரிசல் இருக்கும். துருவைத் தடுக்கிறது அடியில இருக்கிற நிக்கல். 15, 20 மைக்ரான் நிக்கல் இல்லாம மேலே குரோம் பளபளத்தா ஒரு மழைக்காலத்துல கொப்புளம் போடும். சரியான முறை இதுதான்: பழைய முலாமை உரிச்சு, குழியைத் தேய்ச்சு, தாமிரம் ஏத்தி, பஃப் சக்கரத்துல மெருகேத்தி, நிக்கல், கடைசியில குரோம். டேங்கை அனுப்புறதுக்கு முன்னாடி பெட்ரோல் ஆவி துளிகூட இல்லாமக் கழுவணும், இல்லேன்னா பஃப் பொறியில வெடிக்கும். ஸ்பிரிங், கடினப்படுத்தின அச்சு மாதிரி உருப்படிக்கு முலாம் போட்டா நாலு மணி நேரத்துக்குள்ள அடுப்புல ஏத்தி, சுமார் 200 டிகிரியில பல மணி நேரம் வச்சு ஹைட்ரஜனை வெளியேத்தணும். விட்டா ஓடுறப்பவே முறியும். படத்துல இருக்கிறது நேத்துப் போட்ட முலாம். அதைக் காட்டி 1955ங்கிறான்.

ஒற்றியூர் தாசன்:
முலாம் புதிது என்பதால் வண்டி புதிதாகிவிடுமா? இது வாதமே இல்லை.

கழனிவாசல் ஸ்பேனர்:
மிக்கார்ப் கார்புரேட்டர் தெரியுது, இண்டிகேட்டர் தெரியுது. ஐம்பதுகள்ல அமால் கார்புரேட்டர்தான் இருக்கணும்.

ஒற்றியூர் தாசன்:
அமால் தேய்ந்துபோய் மிக்கார்ப் மாட்டிய வண்டிகள் தமிழ்நாடெங்கும் ஓடுகின்றன. கழற்றி மாட்டக்கூடிய பாகத்தை வைத்து வயது சொல்ல முடியாது. சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகிறதா, எண் அடித்த இடத்தில் அரத்தால் ராவிய தடம் உண்டா என்று பார்க்க வேண்டும். தாங்கள் பார்த்தீர்களா?

கழனிவாசல் ஸ்பேனர்:
ஆலையே இல்லாத வருஷத்துக்கு எண் எதுக்குய்யா பார்க்கணும்?

தேவகோட்டை ரோடுகிங்:
ஆறு மாசம் நின்ன புல்லட் ஒரே உதையில எடுக்குமாம். அதைப் பத்தி ஏன் யாருமே வாயைத் திறக்கலை?

கழனிவாசல் ஸ்பேனர்:
எடுக்கும், முறை தெரிஞ்சா. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவா அழுத்து. அம்மீட்டர் முள் நடுவுக்கு வர்ற இடத்துல, தீப்பொறி கொடுக்கிற பாயிண்ட் திறந்திருக்கு. சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுற டீகம்ப்ரஸரை அழுத்தி, பிஸ்டனை உச்சி தாண்டி ஒரு பொட்டு நகர்த்தி, டீகம்ப்ரஸரை விட்டுட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழுசா உதை. பாயிண்ட் இடைவெளி 0.35லேருந்து 0.40 மி.மீ. இருக்கணும். ஆனா ஆறு மாசம் நின்னா ஆயில், பம்பு வழியாக் கசிஞ்சு கிராங்க் பக்கம் இறங்கிடும். வடிகால் மரையைத் திறந்து அதை வடிக்காம உதைச்சா வெள்ளைப் புகை தெருவையே மறைக்கும். வாங்குறவன் பிஸ்டன் ரிங் போச்சுன்னு நினைச்சு எஞ்சினைப் பிரிப்பான். தேய்ஞ்சது பம்புத் தட்டு. நைசான வால்வுப் பசையில தட்டை அதன் இருக்கையோட தேய்ச்சு உட்கார வச்சாப் போதும். டாப்பெட் (வால்வு இடைவெளி) குளிர்ந்த எஞ்சின்ல பார்க்கணும்: வால்வைத் தள்ளுற புஷ்ராடு விரலால சுத்தணும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

தேவகோட்டை ரோடுகிங்:
இவ்வளவு சடங்கு எதுக்கு? எஸ்டியில கியர் லிவரையே உள்ளே அழுத்தி நிமிர்த்தினா கிக்கர். ஒரு உதை. முடிஞ்சுது.

கழனிவாசல் ஸ்பேனர்:
முடியலை. பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஓடுற டூ-ஸ்ட்ரோக் எஸ்டி நின்னா, கிராங்க் ஆயில் சீல் விறைச்சுப்போய்க் காத்து இழுக்கும். கலவை மெலிஞ்சு, ஆக்ஸிலேட்டரை விட்டாலும் எஞ்சின் கத்திக்கிட்டே நிக்கும், அப்புறம் பிஸ்டன் பிடிக்கும். போன தடவை பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி ஆயில்ன்னு சொன்னதுக்கு "கூடுதலா ஊத்தினா நல்லது"ன்னு சண்டைக்கு வந்தவர்தானே நீங்க? கூடுதலா ஊத்தி சைலன்சர்ல கரி அடைச்ச வண்டிகளைப் போய் எண்ணுங்க.

தேவகோட்டை ரோடுகிங்:
அந்த இழையில நான் சொன்னது புது பிஸ்டனுக்கு, 20 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். அரைகுறையாப் படிச்சுட்டுப் பேசாதீங்க.

பள்ளத்தூர் பெடல்:
அண்ணே, கடைசியா ஒண்ணு. ஆலைச் சுவத்துல, வரலாற்றுல, எல்லா இடத்துலயும் என்ஃபீல்டு இந்தியா 1955ன்னுதான் இருக்கு.

கழனிவாசல் ஸ்பேனர்:
கம்பெனி 1955. வண்டி 1956. இன்னும் எத்தனை தடவை?

ஒற்றியூர் தாசன்:
ரெட்டிச்சில் 1955இல் செய்து இறக்குமதியான வண்டியாக இருந்தால்?

கழனிவாசல் ஸ்பேனர்:
அப்ப "மெட்ராஸில் செய்தது" பொய். ரெண்டுல ஒண்ணை அழிக்கச் சொல்லுங்க. அழிக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். இன்னொண்ணு: அந்த எஞ்சின் மரை பெரும்பாலும் அங்குல அளவு, அங்குலத்துக்கு 26 புரி. கால் அங்குல விட்வொர்த்ங்கிற பிரிட்டிஷ் அளவுத் தலை 13.3 மி.மீ. 13 ஸ்பேனர் உள்ளே போகாது, 14 போட்டா மூலை மழுங்கும். படத்துல டைமிங் மூடி மரை ஒண்ணுவிடாம மழுங்கியிருக்கு. "முழுசாப் பராமரிச்சது"ன்னு வேற எழுதியிருக்கான்.

பள்ளத்தூர் பெடல்:
அதுவும் 1955லேயே மழுங்கினதா இருக்கும்ண்ணே.