பழைய துவக்குக்கு இன்றைய தோட்டா பொருந்துமா?

நிலாவெளியான்:
என் அப்பப்பா தோட்டக் காவலுக்கு வைத்திருந்த 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் துவக்கு, இப்போது தந்தையாரின் பெயரில் முறையான அனுமதிப்பத்திரத்துடன் எங்கள் வீட்டில் இருக்கிறது. சுத்தியல்கள் வெளியே தெரிகின்ற, குழல் முழுவதும் நீரலை போன்ற கோடுகள் ஓடுகின்ற ஆங்கிலேயத் துவக்கு அது. கூடவே ஒரு தகரப் பெட்டியில் கடதாசி உறையுள்ள தோட்டாக்களும் கிடைத்தன. அவற்றின் பித்தளை அடியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. அவற்றைச் சுடலாமா, அல்லது இன்றைய தோட்டாவே போதுமா? புதியது குழலின் பின்புறத் தோட்டா அறைக்குள் தடையின்றிப் போகிறது.

மூதூர் வாசகன்:
தம்பி, உள்ளே போகிறது என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். தோட்டாவின் நீளம் வாய் விரிந்த நிலையிலேயே கணக்கிடப்படுவதால், மடித்து மூடப்பட்ட 70 மில்லிமீட்டர் தோட்டா பழைய இரண்டரை அங்குல அறைக்குள்ளும் இலகுவாகப் புகுந்துவிடும். ஆனால் சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகும் பகுதிக்குள் நெருக்குண்டு, அமுக்கம் எல்லை மீறி உயரும். நீங்கள் சொல்லும் கோடுகள், இரும்பையும் உருக்கையும் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழலின் அடையாளம். அவற்றில் பல கரிமருந்து என்ற பழைய வெடிமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டவை. குழலைக் கழற்றி அடிப்புறம் பாருங்கள்: இன்றைய புகையற்ற மருந்துக்குச் சோதிக்கப்பட்டதைக் காட்டும் 'நைட்ரோ ப்ரூஃப்' என்ற முத்திரை 1896இல்தான் வந்தது. அது இருந்தாலும், துருவால் குழிந்த குழலைத் துப்பாக்கித் திருத்துநர் அளந்து பார்த்த பின்னரே, இரண்டரை அங்குல அறைக்கென இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படும் 65 மில்லிமீட்டர் தோட்டாவைப் பற்றி யோசிக்கலாம்.

கிண்ணியா நண்பன்:
பச்சை ஏறிய தோட்டாக்களைத் தயவுசெய்து தொடவே வேண்டாம். நம் கடற்காற்றின் ஈரத்தில் கடதாசி ஊதிப்போயிருக்கும். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் வெடிமூடி தாமதித்துப் பற்றினால், சுடவில்லையென்று நீங்கள் துவக்கைத் திறக்கும் கணத்தில் அது வெடிக்கக்கூடும். பழைய வெடிமூடிகள் விட்டுச்செல்லும் உப்பு குழலையும் அரிக்கும். அவற்றை நீங்களே எடுத்துச் செல்லாமல் பொலிசாருக்கு அறிவித்து, அவர்கள் சொல்லும்வரை பெட்டியை நிழலில் விட்டுவிடுங்கள்.

நிலாவெளியான்:
குழலைக் கழற்றிப் பார்த்தோம்; நைட்ரோ முத்திரை இல்லை. ஆகவே சுடும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம், அனுமதிப்பத்திரத்தை மட்டும் தொடர்ந்து புதுப்பிப்போம். தோட்டாக்களைப் பற்றி இன்று பொலிசாருக்கு அறிவித்திருக்கிறோம்.