உதவி: அயர்ன் வைத்த பிறகு முன்பக்கம் சுருளவே மாட்டேன் என்கிறது

துவண்ணா சுருட்டை
அவசரம், யாராவது சொல்லுங்கள். எனக்குச் சுருட்டை முடி. கல்யாணத்துக்காகப் பார்லரில் நேராக்கினேன். அதற்கப்புறம் எத்தனை தடவை தலைக்குக் குளித்தும் முன்பக்கம் குச்சி மாதிரி நிற்கிறது. சீப்பில் துண்டு துண்டாக முடி வருகிறது. அதே பார்லரில் கெரட்டின் போட்டால் சரியாகிவிடும், நாளைக்கே வா என்கிறார்கள். போகலாமா? திங்ஜான் புதுவருசத்துக்குள் பழையபடி ஆக வேண்டும்.

பகோ அக்கா
போகாதே தங்கச்சி. தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடு பண்ணி ராத்திரி தேய்த்து, காலையில் அலசு. எங்கள் வீட்டில் மூன்று பெண்களுக்கும் இடுப்பு வரை முடி, இது ஒன்றுதான் வைத்தியம். தேங்காய் எண்ணெயால் தீராத முடிக்கோளாறு கிடையாது.

மழைத்துளி
என்ன பண்ணினார்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அயர்ன் மட்டுமா, நிரந்தரமாக நேராக்குகிற ரீபாண்டிங் மருந்தும் போட்டார்களா? இரண்டும் ஒன்றில்லை. இதற்கு முன்னால் சாயம் போட்டதுண்டா? பின்பக்க முடி எப்படி இருக்கிறது?

கிணற்றடி
குளிக்க எந்தத் தண்ணீர்? ஆழ்குழாய்த் தண்ணீராக இருந்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான் காரணம். வாளியின் அடியில் துருநிறம் படிகிறதா பாருங்கள். இரும்பும் சுண்ணாம்பும் முடியில் ஒட்டிக்கொண்டால் எந்தக் கண்டிஷனரும் ஏறாது. மழைத்தண்ணீர் பிடித்துக் குளியுங்கள்.

மழைத்துளி
பார்லருக்குப் போய் வந்ததிலிருந்துதான் கோளாறு என்கிறார். அதற்கு முன்பும் அதே தண்ணீரில்தானே குளித்திருப்பார்?

கிணற்றடி
ஏற்கெனவே தண்ணீர் கெடுத்த முடியாக இருந்திருக்கும். சூடு பட்டதும் வெளியே தெரிந்திருக்கும்.

கமாயுட் கெமிஸ்ட்
இதே கேள்வியை இங்கே எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். கேட்பவர்கள் பழைய பதில்களைத் தேடிப் பார்ப்பதில்லை, வேண்டிய விவரத்தையும் எழுதுவதில்லை. மறுபடியும் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

முடியில் இங்கே கவனிக்க வேண்டிய பிணைப்பு இரண்டு வகை. ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் அவிழும், காய்ந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளும். அயர்ன் வைத்து நேராக்கிய முடி ஒரு குளியலில் சுருண்டுகொள்வது இதனால்தான். இன்னொன்று கந்தகப் பிணைப்பு. முடிக்கு உறுதி தருவது இது. ரீபாண்டிங் மருந்து இதைத்தான் உடைத்து வேறு வடிவத்தில் கட்டுகிறது. அயர்ன் 200 டிகிரியைத் தாண்டும்போது முடியின் கெரட்டின் புரதமே கெட ஆரம்பிக்கிறது. குளித்தும் சுருள் திரும்பவில்லை என்றால் அந்த இடத்தில் புரதம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். முடி உயிரில்லாத பொருள், தோலில் பட்ட காயம் போல அது ஆறாது. எண்ணெய், முட்டை, தயிர், எதைத் தடவினாலும் கெட்டது கெட்டதுதான்.

பகோ அக்கா
எண்ணெயால் பயனே இல்லை என்று சொல்லாதீர்கள் தம்பி. காலங்காலமாகத் தேய்த்து வருகிறோம்.

கமாயுட் கெமிஸ்ட்
பயனே இல்லை என்று நான் எழுதவில்லை. 2003இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலிருக்கும் லாரிக் அமிலம் முடிக்குள் புகக்கூடியது. ஆக, இருப்பதைக் காக்கும். போனதைக் கொண்டுவராது.

தெயின்ஜி மகள்
பர்மியர்கள் தலைக்குத் தேய்க்கிற தயோ கின்பூன் பற்றி யாருமே சொல்லவில்லையே! யாங்கோன் தெயின்ஜி சந்தையில் பையில் கட்டி விற்கிறார்களே, அதை வாங்கித் தேய்த்துப் பாருங்கள். பர்மியப் பெண்களின் முடியைப் பார்த்தால் தெரியாதா? புதுவருசத்துக்கு அவர்கள் தலை அலசுவதே அதில்தான்.

மழைத்துளி
கின்பூன் நம் சீயக்காய்தானே. அழுக்கோடு எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். பொசுங்கின முடிக்கு அது வேண்டாம்.

தெயின்ஜி மகள்
கின்பூன் தனி, தயோ தனி. தயோ மரப்பட்டையைத் தண்ணீரில் போட்டால் கொழகொழவென்று வரும். அந்தக் கொழகொழப்புதான் முடியை வழுக்க வைக்கிறது, சிக்கு எடுக்கச் சுலபமாக இருக்கும். சீயக்காயை மட்டும் அரைத்துத் தேய்த்துவிட்டு இரண்டும் ஒன்று என்று சொல்லக் கூடாது.

பகோ அக்கா
என் அம்மா சீயக்காயோடு வெந்தயமும் செம்பருத்தி இலையும் சேர்த்து அரைப்பார். அதுவும் கொழகொழப்புதான். இதற்காகத் தயோ பட்டை தேடி அலைய வேண்டியதில்லை.

தெயின்ஜி மகள்
அலைய என்ன இருக்கிறது அக்கா, சந்தையில் நுழைந்தால் கிடைக்கிறது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்துவிட்டு இந்த ஊர்ப் பட்டையை ஏன் ஒதுக்க வேண்டும்?

பகோ அக்கா
ஒதுக்கவில்லை அம்மா. திங்ஜானுக்கு நாங்களும் அதில்தான் அலசுகிறோம். பையில் விற்பது இந்த வெயிலில் சீக்கிரம் புளித்துவிடுகிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். வீட்டிலேயே பட்டையை ஊறவைத்தால் நல்லது.

கமாயுட் கெமிஸ்ட்
கேள்வி கேட்டவரைக் காணோம். நீங்கள் எல்லாரும் பட்டையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

துவண்ணா சுருட்டை
மன்னிக்கவும், கரண்ட் இல்லை. ரீபாண்டிங் இல்லை, அயர்ன் மட்டும்தான். தலையை அலசிவிட்டு முழுசாகக் காயும் முன்னாலேயே வைத்தார்கள், சுர்ரென்று சத்தம் வந்தது, ஆவியும் வந்தது. பின்பக்கம் நன்றாகச் சுருள்கிறது. முன்பக்கம் மட்டும் போன வருசம் ப்ளீச் பண்ணிப் பழுப்பு நிறம் போட்டிருந்தேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று எழுதவில்லை. தண்ணீர் நகரசபைக் குழாய்தான்.

மழைத்துளி
சம்பந்தம் அதில்தான் இருக்கிறது! ப்ளீச் அந்தக் கந்தகப் பிணைப்பில் ஒரு பகுதியை ஏற்கெனவே தின்றுவிட்டிருக்கும். அதன்மேல் ஈர முடியில் அயர்ன். உள்ளே இருக்கிற தண்ணீர் கொதித்து ஆவியாகி முடித்தண்டுக்குள்ளேயே கொப்புளம் கட்டும். அந்த இடத்தில்தான் முடி ஒடிகிறது. உடைந்த துண்டுகளின் நுனியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா பாருங்கள்.

நாளைக்குப் போகாதீர்கள், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பார்லர் கெரட்டின் என்பது மருந்தைத் தடவி, அதன்மேல் மறுபடியும் 200 டிகிரிக்கு மேல் அயர்ன் இழுப்பது. பொசுங்கின இடத்தையே திரும்பப் பொசுக்குவார்கள். அதோடு அது முடியை நேராக்குகிற வேலை. உங்களுக்கு வேண்டியது சுருள்! சில மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு என்கிற ரசாயனம் இருக்கும், சூடு பட்டால் அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

கமாயுட் கெமிஸ்ட்
மழைத்துளி சொல்வது சரி. ஒன்று சேர்க்கிறேன். ஈரமான ஒற்றை முடியை விரலில் பிடித்து மெல்ல இழுங்கள். ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போய் அறுந்தால் புரதம் குறைந்திருக்கிறது. கடையில் ஹைட்ரலைஸ்டு கெரட்டின் (சின்னத் துண்டுகளாக உடைத்த கெரட்டின்) என்று எழுதிய க்ரீம் கிடைக்கும், அதை எப்போதாவது போடலாம். அது பொத்தலுக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி, சில அலசலில் போய்விடும். நீளாமல் பட்டென்று ஒடிந்தால் புரதம் போட வேண்டாம், இன்னும் விறைக்கும். அதற்குக் கண்டிஷனர் போதும். முட்டை வேண்டாம், அதன் புரதம் பெரியது, முடிக்குள் போகாது.

மழைத்துளி
சுருள் எப்படி வளரும் என்பது தலைத்தோலுக்குள் இருக்கிற வேரைப் பொறுத்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, புதிதாக வருவது சுருண்டுதான் வரும். மாதத்துக்கு 1 சென்டிமீட்டர், கொஞ்சம் கூடுதலாகவும் வளரும். அதனால் திங்ஜானுக்குள் என்று நாள் குறிக்காதீர்கள். நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். பழைய நேர் முடியும் புதுச் சுருளும் சேருகிற இடம்தான் சீக்கிரம் ஒடியும், அங்கே இழுத்துச் சீவ வேண்டாம். கண்டிஷனர் தடவி, பல் அகலமான சீப்பால் நுனியிலிருந்து மேலே வாருங்கள். விசேஷத்துக்குப் போக வேண்டுமானால் முன்பக்கத்தைப் பின்னிப் பூ வைத்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

பகோ அக்கா
குளிக்கப் போகும் முன் எண்ணெய் வை. அதை மட்டும் விடாதே.

கிணற்றடி
நகரசபைத் தண்ணீர் என்றாலும் தொட்டியில் தேக்கி வைக்கிறீர்களா? தொட்டி இரும்பா?

துவண்ணா சுருட்டை
வெள்ளைப் புள்ளி இருக்கிறது. பார்லருக்குப் போகவில்லை. அம்மா முன்பக்கம் நாலு விரல் வெட்டிவிட்டார். எல்லாருக்கும் நன்றி.

தெயின்ஜி மகள்
நல்ல முடிவு. தயோ பட்டை வேண்டுமானால் சொல்லுங்கள், சனிக்கிழமை சந்தைக்குப் போகிறேன், உங்களுக்கும் சேர்த்து வாங்கி வருகிறேன்.

பகோ அக்கா
எனக்கும் ஒரு கட்டு வாங்கி வை அம்மா.