அம்மாவுக்கு பிபி கிளினிக்கில் 156/94, வீட்டில் 132/80. எதை நம்புறது?

குடந்தை மகன்:
அம்மாவுக்கு 58 வயசு. முட்டி வலின்னு காட்டப் போன இடத்துல பிபி பார்த்தாங்க, 156/94. உடனே பிபி குறைக்கிற அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரை எழுதிக் கொடுத்தாச்சு. வீட்டு மெஷின்ல 132/80 தாண்டவே இல்லை. "எனக்கு ஒண்ணுமில்ல, மெஷினே சொல்லுது"ன்னு மாத்திரை அட்டையை சாமி அலமாரியில வெச்சுட்டாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரிட்டயர்டு நர்ஸக்கா:
தம்பி, டாக்டர் முன்னாடி மட்டும் ஏறுற பிபி நிறைய பேருக்கு உண்டு. கிளினிக்ல 140/90, வீட்டுல 135/85, அதைத் தொட்டாலே உயர் பிபின்னு கணக்கு. அம்மா கோட்டை ஒட்டித்தான் நிக்கிறாங்க, அதனால அளவு சரியா இருக்கணும்.

நான் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துல வர்ற அம்மாக்கள் ரவிக்கைக் கை மேலயே பட்டையைச் சுத்தச் சொல்வாங்க; வெறும் கையிலதான் சுத்தணும். காத்து ஏறும்போதே மருமகள் புராணம் ஆரம்பிச்சிடும்! பேசினா பிபி ஏறும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் கூடத்தான் காட்டும்.

காலையில காபிக்கு முன்னாடி, பாத்ரூம் போயிட்டு வந்து, நாற்காலியில சாஞ்சு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும். கால் தரையில, கை மேசையில நெஞ்சு உயரத்துக்கு. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை. சாயங்காலமும் அப்படியே. ஏழு நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளிட்டு சராசரி எடுங்க.

ஆமா, முட்டிக்கு என்ன மாத்திரை?

குடந்தை மகன்:
மருந்துக்கடையில வாங்கின வலி மாத்திரை டைக்ளோஃபெனாக் அக்கா, ரெண்டு மாசமா. டாக்டர்கிட்ட சொல்லல. பிபி பார்க்குறது கட்டில்ல படுத்துக்கிட்டே.

ரிட்டயர்டு நர்ஸக்கா:
அதானே பார்த்தேன். அந்த டைக்ளோஃபெனாக் உப்பையும் தண்ணியையும் உடம்புல தேக்கி பிபியை ஏத்தும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். முதல்ல இதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. அம்லோடிபின் போடலாமான்னு அவர்தான் சொல்லணும், அலமாரியும் இல்ல, நானும் இல்ல.

மாயவரத்தான்:
எங்க வீட்டுல சோடியம் குறைஞ்ச உப்புக்கு மாறிட்டோம். அதை வாங்குங்க ப்ரோ.

ரிட்டயர்டு நர்ஸக்கா:
அவசரப்படாதீங்க. அதுல பொட்டாசியம் இருக்கு, சிறுநீரகம் பலவீனமானவங்களுக்கு ஆபத்து. சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் பார்த்துட்டு வாங்கலாம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்புக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள இருக்கணும். மோர்மிளகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்குலதான் வரும்.

180/120 தாண்டி நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், வாய் குழறல் ஏதாவது இருந்தா நோட்டு எழுதிட்டு இருக்காம 108-ஐக் கூப்பிடுங்க.

குடந்தை மகன்:
நாளைக்கே டாக்டருக்குப் போன் போடுறேன் அக்கா. சர்க்கரையும் பார்க்கச் சொல்லவா?

ரிட்டயர்டு நர்ஸக்கா:
சொல்லுங்க. யூரின் டெஸ்ட், ஈசிஜியும் கேளுங்க.