நீதிமன்றம் திருப்பித் தந்த சில்லறை: உங்களுக்கும் வந்ததா?

ஹார்ட்ஃபோர்டுவாசி:

பழைய மின்னஞ்சல்களை அழித்துக்கொண்டிருந்தேன். 2016 ஜூன் மாதத்துக் கடிதம் ஒன்று திறக்கப்படாமலே கிடந்தது. உங்கள் கணக்கில் 23 டாலர் 93 சென்ட் வரவு வைத்திருக்கிறோம் என்று நான் மின்னூல் வாங்கும் கடை எழுதியிருந்தது. இத்தனை ஆண்டாக உறுத்திக்கொண்டிருந்த ஒரு விஷயம் அப்போதுதான் விளங்கியது. அந்தக் கோடையில் மகளுக்கு ஒரு மின்னூல் வாங்கினேன். கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்று திரையில் வந்தது. கடையின் கணினி ஏதோ குளறுபடி செய்துவிட்டது என்று எண்ணி, "யாரிடமும் சொல்லாதே" என்று அவளிடம் சொல்லி வைத்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு நான் நடத்திய திருட்டுப் பாடம்! பார்த்தால் அது என் பணம்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: 2010-இல் ஐபேட் வந்த சமயத்தில் ஆப்பிளும் ஐந்து பெரிய பதிப்பகங்களும் பேசி வைத்துக்கொண்டு மின்னூல் விலையை ஏற்றின. அமேசானில் 9.99 டாலருக்குக் கிடைத்த புது நூல்கள் 12.99, 14.99 என்று ஆயின. 2012 ஏப்ரலில் அமெரிக்க மத்திய அரசின் நீதித் துறை ஒரு பக்கம் வழக்குப் போட்டது. இன்னொரு பக்கம் டெக்சாஸும் எங்கள் கனெக்டிகட்டும் முன்னின்று மற்ற மாநிலங்களைத் திரட்டின. கடைசியில் 33 மாநிலங்கள் சேர்ந்தன. பதிப்பகங்கள் 166 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசமாகிவிட்டன. ஆப்பிள் மட்டும் நியூயார்க்கில் நீதிபதி டெனிஸ் கோட் முன் வழக்காடித் தோற்றது, மேல்முறையீட்டிலும் தோற்றது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் மனுவைத் தொட மறுத்த பிறகுதான் 400 மில்லியன் வெளியே வந்தது. நியூயார்க் டைம்ஸின் அதிக விற்பனைப் பட்டியலில் இருந்த நூல் ஒன்றுக்கு 6.93 டாலர், மற்றவற்றுக்கு 1.57. விலை ஏறியிருந்த 2010 முதல் 2012 வரை நான் வாங்கியவை பட்டியல் நூல் மூன்று, வேறு இரண்டு. பெருக்கிக் கூட்டினேன், ஒரு சென்ட் பிசகவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

நூலகத்து அக்கா (வாஷிங்டன் மாநிலம்):

எனக்கு வந்தது 13 டாலர் 86 சென்ட். 2004 பிப்ரவரி. குறுந்தகடு வழக்கு.

அந்தக் காலத்தில் பெரிய இசை நிறுவனங்கள் கடைகளுக்கு விளம்பரப் பணம் தரும். ஆனால் நாங்கள் சொல்லும் விலைக்குக் கீழே விளம்பரம் செய்தால் அந்தப் பணம் கிடையாது என்பார்கள். மலிவாக விற்கத் தயாராக இருந்த கடைகளும் அதனால் வாயை மூடிக்கொண்டன. மாநிலங்கள் 2000-இல் வழக்குப் போட்டு 2002-இல் சமரசம் செய்தன. ரொக்கமாகச் சுமார் 67 மில்லியன் டாலர், அதோடு 55 லட்சம் குறுந்தகடுகள். 1995 முதல் 2000 வரை குறுந்தகடோ கேசட்டோ வாங்கிய எவரும் இணையத்தில் படிவம் நிரப்பலாம். ரசீது வேண்டாம். நிரப்பும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. நான் வாங்கியதில் பாதி இந்திய மளிகைக் கடையில் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் தொங்கிய தமிழ்ப் பாட்டுகள். அவற்றின் விலையை யாரும் கூட்டுச் சேர்ந்து ஏற்றியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் மடோனா இரண்டு வாங்கியிருந்தேன், அதைச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். அந்த 55 லட்சம் குறுந்தகடுகளும் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. நான் அப்போது நூலகத்தில் பகுதிநேர வேலை. ஒரு நாள் பெட்டிகள் வந்து இறங்கின. பிரித்தோம். ஒரே குறுந்தகடு, ஒரே குறுந்தகடு, மறுபடியும் அதே குறுந்தகடு. யாரும் கேள்விப்படாத ஒரு கிறிஸ்துமஸ் தொகுப்பு மட்டும் பதினெட்டு. எங்கள் மாநிலத்துக்கு விட்னி ஹூஸ்டன் பாடிய தேசிய கீதம் மட்டும் 1,300-க்கு மேல் ஒதுக்கியிருந்தார்கள் என்று அப்போது செய்தித்தாளிலேயே வந்தது. கிடங்கில் விலைபோகாமல் கிடந்ததைத் தள்ளிவிட்டார்கள் என்று மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். அதிலிருந்து நான் எந்தச் சமரசச் செய்தி படித்தாலும் ரொக்கம் எவ்வளவு, பொருள் எவ்வளவு என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சிக்கனச் சித்தப்பா:

பதின்மூன்று டாலருக்கு நான்கு ஆண்டு. இதற்குப் பெயர் பாதுகாப்பா? நிறுவனத்துக்கு இது கொசுக்கடி.

ஆஸ்டின்:

சித்தப்பா, ஒரு வக்கீல் அலுவலகத்தில் கோப்பு அடுக்குபவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தப் பதின்மூன்று டாலருக்காக நீங்களோ நானோ வழக்குப் போட்டிருப்போமா? முத்திரைச் செலவுக்கே காணாது. அதற்காகத்தான் 1976-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தன் மாநிலத்து மக்களின் சார்பில், மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலே வழக்காடி இழப்பீடு கேட்கலாம். மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் ஒரு முட்டுக்கட்டை போட்டது. நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியவர்தான் மத்தியச் சட்டத்தில் இழப்பீடு கேட்க முடியும் என்று தீர்ப்பு. கடையில் வாங்கும் நாம் பெரும்பாலும் நேரடியாக வாங்குவதில்லையே! அந்த ஓட்டையை அடைக்கத்தான் பல மாநிலங்கள் தங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டுக்கொண்டன.

டிரேம் வழக்கு நல்ல உதாரணம். கணினிக்குள் இருக்கும் நினைவகச் சில்லின் விலையை 1998 முதல் 2002 வரை உற்பத்தியாளர்கள் பேசி வைத்து ஏற்றினார்கள். சில்லை வாங்கியது கணினி நிறுவனம். விலை ஏறியது நம் தலையில். குற்ற வழக்கில் சாம்சங் மட்டும் 300 மில்லியன் டாலர் அபராதம் கட்டியது. அது அரசுக் கருவூலத்துக்குப் போனது, நமக்கு ஒரு சென்ட்கூட இல்லை. நமக்கு வந்தது மாநிலங்களும் தனியார் வழக்கறிஞர்களும் சேர்ந்து வாங்கிய 310 மில்லியன்.

பரணில் ஏறியவள்:

ஆஸ்டின் சொன்ன அதே வழக்கு! 2014 கோடையில் என் கணவர் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ஐந்தாண்டில் எத்தனை வாங்கினோம் என்று கேட்டார். கணினி இரண்டு என்றேன். பிரின்டரும் சேரும், வீடியோ கேம் பெட்டியும் சேரும் என்று எழுதியிருந்தது. பரணில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தோம். பழைய பிரின்டர், அண்ணன் மகன் விட்டுப்போன விளையாட்டுப் பெட்டி. அதை எழுதலாமா, அவன் பணத்தில் வாங்கியதா, நம் பணத்திலா என்று அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் எழுதவில்லை. காசோலை வந்தபோது எதற்காக வந்தது என்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

ஆரஞ்சு கவுண்டி:

டாரன்ஸ் சுத்திகரிப்பு ஆலை 2015 பிப்ரவரியில் வெடித்த பிறகு இங்கே பெட்ரோல் விலை எகிறியது நினைவிருக்கிறதா? அந்தக் குழப்பத்தைச் சாக்காக வைத்து விலையைத் திரித்தார்கள் என்று கலிஃபோர்னியா இரண்டு வணிக நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டு 2024-இல் 50 மில்லியன் சமரசம் செய்தது. நான் 2015-இல் தினம் எழுபது மைல் ஓட்டினேன். மனு போடும் கெடு முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. மின்னூல்காரருக்குத் தானாக வந்தது. எனக்குத் தேடிப் போயிருக்க வேண்டும்.

மாமியார் புகழ்:

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கூகுள் ப்ளே வழக்கில் மாநிலங்கள் 2023-இல் 700 மில்லியன் சமரசம் அறிவித்த சமயம் என் மாமியாருக்கு ஒரு தொலைபேசி. உங்கள் பங்கை அனுப்ப வேண்டுமானால் முதலில் பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல்லுங்கள் என்றானாம். அவர் கேட்டாராம்: "எனக்குத் தர வேண்டியவன் என்னிடம் ஏன் தம்பி கேட்கிறாய்?" எதிர்முனையில் இணைப்பு போய்விட்டது.

ஹார்ட்ஃபோர்டுவாசி:

அக்கா, அந்தக் கிறிஸ்துமஸ் தொகுப்பு இன்னும் இருந்தால் ஒன்று அனுப்புங்கள். மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இத்தனை நாள் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே பயந்தாளாம். நேற்றிரவுதான் முதல் அத்தியாயம் படித்தாள்.